புகையைக் கழுவாமல் கரியமில வாயுவைப் பிடிக்கப் போகாதீர்கள்

மலேசியாவின் காப்பார் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நிலக்கரி மின்நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தே பழகியவர்கள். அதனாலோ என்னவோ, பொறியியல் படிக்கப் போனதும் இறுதியாண்டுப் புராஜெக்டுக்குப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் தலைப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தலைப்பு நல்லதுதான். அறிக்கையைப் புரட்டினால், எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். கையுறை போடு, வால்வை மூடு என்பதையெல்லாம் ஆய்வகத்திலேயே சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

புகையை அப்படியே கோபுரத்துக்குள் விடுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

வேலை என்னவோ எளிதுதான். புகையை 40 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து ஒரு கோபுரத்தின் அடியில் விடுகிறோம். மேலிருந்து, கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் அமைன் என்ற காரப்பொருளின் கரைசல் இறங்கும். வழக்கமாகத் தண்ணீரில் 30 விழுக்காடு மோனோ எத்தனால் அமைன். கரியமில வாயுவை வாங்கிக்கொண்ட கரைசலை இன்னொரு கோபுரத்தில் நீராவி கொண்டு 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும், கரைசல் மறுபடி வேலைக்கு வரும். ஒரே கரைசல் திரும்பத் திரும்பச் சுற்றினால்தான் கணக்குக் கட்டும்.

நிலக்கரிப் புகையில் கந்தக டை ஆக்சைடும் இருக்கிறது. கரைசலில் அது கரியமில வாயுவைவிட வலுவான அமிலம். அமைனைப் பிடித்து உப்பாக்கிவிடும். 120 டிகிரியிலும் அந்த உப்பு பிரியாது. போன அமைன் போனதுதான். புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு நைட்ரோசமைன்கள் என்ற சேர்மங்களை உண்டாக்கும். அவற்றில் பல புற்றுநோய் வரவழைக்கக்கூடியவை. சாம்பல் நுழைந்தால் நுரை கிளம்பும். ஆகவே கோபுரத்துக்குள் போகும் புகையில் கந்தக டை ஆக்சைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) கீழே இருக்க வேண்டும். "கந்தகத்தை நீக்கத்தான் ஏற்கெனவே கருவி இருக்கிறதே அண்ணே" என்பார்கள். அந்தக் கருவி சுற்றுச்சூழல் விதிமுறைக்குக் காணும், அமைனுக்குக் காணாது.

சில தம்பிகள் ஒரு செம்பனை ஆலையின் கொதிகலன் புகையில் சின்னதாக ஒரு கோபுரம் கட்டிச் சோதித்தார்கள். அந்தக் கொதிகலன் எரிப்பது செம்பனைப் பழ நாரும் கொட்டை ஓடும். கந்தகம் குறைவு, சாம்பல் அதிகம். வடிகட்டி கிடையாது, கழுவும் தொட்டி கிடையாது. காலையில் மீட்டரில் கரியமில வாயு இறங்கியதும் ஒரே கைதட்டல். மதியம் நான் போய்ப் பார்த்தபோது மாதிரிப் புட்டியில் கரைசல் தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்துக்கு வந்திருந்தது, அடியில் கறுப்பு வண்டல். கண்ணாடிக் குழாயில் நுரை ஏறி, மேல்வாய் வழியாக வழிந்து சிமெண்டுத் தரையெல்லாம் வழுக்கல். அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம்? நுரையடக்கி ஊற்றுவது, புது அமைன் ஊற்றுவது. மறுநாளும் அதே. மானியமாகக் கிடைத்த வெள்ளியெல்லாம் இப்படியே கரைந்தது. கெட்ட கரைசலை தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் போகும் வாய்க்காலில் கொட்டப் போனவரை நான்தான் தடுத்து நிறுத்தினேன். அதை டிரம்மில் அடைத்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

மாணவர்கள்தானே என்று விட்டுவிட முடியவில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பவுண்டரி டேம் மின்நிலையத்தின் 3ஆம் அலகு 2014 அக்டோபரில் தொடங்கியது. வணிக அளவில் நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்ததில் அதுதான் உலகில் முதல். அங்கேயும் சாம்பல் உள்ளே போய்க் கருவிகளில் படிந்தது, அமைன் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கெட்டது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று திட்டமிட்ட ஆலை, மொத்தமாக 50 லட்சம் டன்னைத் தொட 2023 ஆகிவிட்டது.

ஆகவே காசு கையில் இருக்கும்போதே முன்பக்கத்தில் போடுங்கள். முதலில் சாம்பல் வடிகட்டி. அடுத்து, காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் புகையைக் கழுவிக் குளிரவைக்கும் தொட்டி. கரைசலில் ஒரு பங்கை எப்போதும் கரி வடிகட்டி வழியாக ஓடவிடுங்கள். கோபுரத்தின் உயரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

90 விழுக்காடு பிடித்தால் 90 விழுக்காடு குறைந்தது என்று எழுதுவது

கரைசலைச் சூடாக்கும் நீராவியும், பிடித்த வாயுவை அழுத்தும் இயந்திரமும் மின்நிலையத்தின் மின்சாரத்தில் கால்வாசி வரை தின்னும். 100 யூனிட்டுக்கு 100 பங்கு கரியமில வாயு விட்ட நிலையம் 90 பங்கைப் பிடித்துவிட்டது, ஆனால் விற்க 75 யூனிட்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த 25 யூனிட்டை இன்னொரு சாதா நிலக்கரி நிலையம் தந்தால், அங்கே 25 பங்கு கிளம்பும். இங்கே தப்பிய 10 பங்கையும் சேர்த்தால் காற்றில் போவது 35. உண்மையில் குறைந்தது 65. பிடித்த அளவு, தவிர்த்த அளவு இரண்டையும் தனித்தனியாக எழுதாத அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

எரிவாயு வயலை உதாரணம் காட்டுவது

நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயல் 1996லிருந்து கரியமில வாயுவைக் கடலடியில் செலுத்துகிறதே, சரவாக் கடலில் கசவாரி வயலிலும் அதே திட்டம் வருகிறதே என்று முன்னுரையில் எழுதிவிடுகிறார்கள். அங்கே கரியமில வாயு வருவது வயலிலிருந்து எடுக்கும் எரிவாயுவோடு, நல்ல அழுத்தத்தில். மின்நிலையப் புகையில் அழுத்தமே கிடையாது. நிலக்கரியென்றால் 12 முதல் 14 விழுக்காடு, எரிவாயு நிலையமென்றால் 4 விழுக்காடு அளவில்தான் கரியமில வாயு, மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். அந்தச் செலவுக் கணக்கு இங்கே செல்லாது.

நிலத்தடியில் குகை வரைவது

பிடித்த வாயுவைச் செலுத்தித் தேக்கும் இடம் குகை இல்லை. 800 மீட்டருக்கும் கீழே நுண்துளைப் பாறை, அதற்குமேல் வாயு கசியாமல் தடுக்கும் மூடிப்பாறை.

ஈர வாயுவைச் சாதா எஃகுக் குழாயில் விடுவது

கார்போனிக் அமிலம் குழாயை அரித்துவிடும். உலர்த்திவிட்டு அனுப்புங்கள்.

கசிவு உணரியை நெஞ்சுயரத்தில் மட்டும் மாட்டுவது

கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சட்டார்ஷியா ஊருக்கு அருகே குழாய் வெடித்தபோது, கார் எஞ்சின்களே ஆக்சிஜன் கிடைக்காமல் நின்றன. 40 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. நம் பக்கம் தோட்டமெல்லாம் தாழ்நிலம், வரிசைக்கு வரிசை வாய்க்கால். ஒரு உணரியைத் தரையை ஒட்டி மாட்டுங்கள், இன்னொன்றை வாய்க்கால் ஓரத்தில்.