கைக்கு அடங்கும் சிந்தசைசர்: வாங்கும் முன் பத்து நிமிடச் சோதனை

ஐந்நூறு டோன், நூறு ரிதம் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து வரும் கீபோர்டும் சிந்தசைசரும் ஒன்றல்ல. கீபோர்டில் புல்லாங்குழலைத் தேர்ந்தெடுத்தால் புல்லாங்குழல் வரும், அவ்வளவுதான். சிந்தசைசரில் ஒலியை நீங்களே திருகித் திருகி உருவாக்க வேண்டும். விளையாட்டே அதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் குமிழ்களைப் பாருங்கள். டோன் எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு வேலைக்கு ஒரு குமிழ் இருக்க வேண்டும். ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டரின் அலைவடிவம்; ஒலியை வடிகட்டும் ஃபில்டரின் கட்ஆஃப் (எதற்கு மேல் வெட்டுவது), ரெசொனன்ஸ் (வெட்டும் இடத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது); ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப்பின் அட்டாக் (எழும் நேரம்), டிகே (உச்சியிலிருந்து இறங்கும் நேரம்), சஸ்டெய்ன் (கட்டையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு), ரிலீஸ் (விட்டபின் அடங்கும் நேரம்); ஒலியைத் திரும்பத் திரும்ப அசைக்கும் எல்எஃப்ஓவின் வேகம், அளவு: இவை முகப்பிலேயே கைக்கு எட்ட வேண்டும். கட்ஆஃபைத் தொடவே மெனுவுக்குள் இறங்க வேண்டும் என்றால் அந்தக் கருவியை விட்டுவிடலாம். 1970-இல் வந்த மினிமூக் மாடல் டி-யின் முகப்பு இன்றும் பார்த்தவுடன் புரிகிறது. ஒலி இடப்பக்கம் பிறந்து, வலப்பக்கம் வெளியேறுகிறது. நடுவில் எதுவும் ஒளிந்திருக்காது.

கடைக்கு உங்கள் ஹெட்ஃபோனையே எடுத்துச் செல்லுங்கள். ஒலிகளைச் சேமிக்கும் மெமரி உள்ள கருவி என்றால் வெறுமையான 'இனிட்' ஒலியிலிருந்து தொடங்குங்கள். ரம்பப்பல் அலையை வைத்து, கட்ஆஃபைக் கால்வாசிக்குக் குறைத்து, ரெசொனன்ஸை முக்கால்வாசிக்கு ஏற்றுங்கள். கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி, பத்து விநாடி எடுத்து கட்ஆஃபை மெல்லத் திறவுங்கள். மூடிய வாய் 'ம்'மில் தொடங்கி 'ஊ', 'ஓ', 'ஆ' என்று விரிவதுபோல் கேட்கும். ஒலி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். படிக்கட்டில் தட்டித் தட்டி ஏறுவதுபோல் கேட்டால், குமிழின் நகர்வை அந்தக் கருவி 128 படிகளாக மட்டுமே வாசிக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

அடுத்து அட்டாக், சஸ்டெய்ன் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, டிகேயைக் குறையுங்கள். மீட்டிய தந்திபோல் ஒலி சட்டென்று அடங்கும். அதன்பின் சஸ்டெய்னை ஏற்றி, அட்டாக்கை ஒரு விநாடிக்கும் ரிலீஸை இரண்டு விநாடிக்கும் கொண்டுபோனால் அதே ஒலி அலைபோல் எழுந்து வடியும். கடைசியாக எல்எஃப்ஓவைச் சுருதிக்குத் திருப்பி, விநாடிக்கு ஐந்தாறு முறை அசையுமாறு, அளவைத் துளிபோல் வையுங்கள். அளவு கூடினால் ஆம்புலன்ஸ் சைரன்தான். கையேடு இல்லாமலே இந்த மூன்றும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் வீட்டிலும் அதை எடுத்து வாசிப்பீர்கள். இடையில் ஒலியே நின்றுபோனால் பதற வேண்டாம்: கட்ஆஃப் முழுதாக மூடியிருக்கிறதா, அட்டாக் மிக நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் பேசும் மோனோ கருவி குறைபாடு ஆகாது. மெட்டும் பேஸும் வாசிக்க அதுவே போதும். கிளைடு இருந்தால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து செல்லும். பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் கார்டு வாசிக்கத்தான், ஒரே நேரத்தில் பல சுரம் பேசும் பாலி வேண்டும்.

மாதிரிகளுக்கு வருவோம். கோர்க் வோல்கா கீஸ் மூன்று குரல் (ஒரே நேரத்தில் மூன்று சுரம்) அனலாக், அதாவது மின்சுற்றிலேயே ஒலியை உண்டாக்குவது. ஸ்பீக்கர் உள்ளேயே உண்டு, ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். ஆனால் அதன் தொடுபட்டையில் விரல் தடுமாறும், அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறாது. ஆர்டூரியா மைக்ரோப்ரூட் மோனோ, 25 சிறு கட்டைகள், மெமரியே கிடையாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஒலி; பிடித்துப்போனால் முகப்பைப் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கற்பதற்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. கோர்க் மினிலாக் நான்கு குரல், 37 ஒல்லிக் கட்டைகள், 200 ஒலிகளைச் சேமிக்கும்.

மெமரியோடு ஒரு தொல்லையும் சேர்ந்தே வரும். சேமித்த ஒலியை அழைத்தவுடன் ஒலி மாறிவிடும், குமிழ்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். கட்ஆஃபை லேசாகத் தொட்டாலே ஒலி எகிறும். அமைப்புகளில் 'ஜம்ப்', 'கேட்ச்', 'ஸ்கேல்' என்று தேர்வு இருந்தால் மேடைக்குக் கேட்ச் நல்லது. சேமித்த மதிப்பைக் குமிழ் எட்டும்வரை அது எதையும் மாற்றாது.

அடாப்டரில்தான் பலர் சூடு போட்டுக்கொள்கிறார்கள். வோல்காவுக்கு 9 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். கிட்டார் பெடல்களின் 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். முனை அப்படியே பொருந்தும், அதுதான் ஆபத்து. கருவியின் பின்னால் உள்ள குறியைப் பார்த்த பிறகே செருகுங்கள். யுஎஸ்பி மட்டும் உள்ள மிடி கீபோர்டையும் (தானே ஒலிக்காது, எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டும் அனுப்பும்) சிந்தசைசரையும் நேரே இணைத்தாலும் பெரும்பாலும் பேசிக்கொள்ளாது. நடுவில் கணினியோ யுஎஸ்பி ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும். இல்லையேல் இரண்டிலும் ஐந்து முள் மிடி துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையது வாங்கினால் ஒவ்வொரு குமிழையும் கோடியிலிருந்து கோடிவரை திருகுங்கள். கரகரத்தால் அழுக்குதான், கான்டாக்ட் கிளீனரில் போய்விடலாம். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் ஒலி அறுந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டிவரலாம். பேட்டரி மூடியையும் கழற்றுங்கள்: ஸ்பிரிங்கில் பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருந்தால் கசிவு நடந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.