ஃபிஃப்த் வீல் டிரெய்லரை உலுக்கலின்றி இழுத்துச் செல்லும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் டிரக்கின் பின்தட்டில், தன் முன்பகுதியிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் இரும்பு முளையான கிங்பின்னைப் பூட்டி இழுக்கப்படும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர், பம்பருக்குப் பின்னே மாட்டி இழுக்கும் டிரெய்லரைவிட நிலையாக ஓடும். முன்பகுதியின் பாரம் டிரக்கின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இறங்குவதே அதற்குக் காரணம். ஆனால் டிரெய்லரின் ஒவ்வொரு அசைவும் அந்தக் கிங்பின் வழியாகவே டிரக்கின் சட்டத்துக்கும் ஓட்டுபவரின் முதுகுக்கும் வந்து சேர்கிறது. இதைக் குறைக்க நினைப்போர் பலர் எடுத்த எடுப்பிலேயே காற்றுப்பை பொருத்திய ஹிட்சை, அதாவது டிரக்கில் கிங்பின்னைப் பற்றிக்கொள்ளும் பூட்டை, வாங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியாக யோசிப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

உலுக்கல் எந்தத் திசையில் வருகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். டிரக்கை முன்னும் பின்னும் உதைப்பதுபோல வந்தால், பூட்டில் ஆட்டம் இருக்கலாம், பிரேக் ஒத்திசையாமல் இருக்கலாம், அல்லது கிங்பின்மேல் பாரம் குறைவாக இருக்கலாம். மேலும் கீழும் தூக்கிப் போட்டால் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சாலையையும் பார்க்க வேண்டும். இடைவிடாத மெல்லிய அதிர்வு பெரும்பாலும் டயர்களிலிருந்து வருவது. கான்கிரீட் பலகைகள் பதித்த பழைய இன்டர்ஸ்டேட் சாலைகளில், பலகைகளின் இணைப்புகள் சீரான இடைவெளியில் வருவதால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்தத் தட்டல்கள் வண்டியின் இயல்பான அசைவோடு சேர்ந்து பெருகும். அங்கே மணிக்கு 5 மைல் கூட்டினாலோ குறைத்தாலோ ஆட்டம் அடங்கிவிடுவதுண்டு. யூகான் பகுதியில் டிஸ்ட்ரக்‌ஷன் பே முதல் பீவர் கிரீக் வரையுள்ள அலாஸ்கா நெடுஞ்சாலைபோல, உறைநிலத்தின்மேல் மேடுபள்ளமாகிப் போன சாலைகளில் எந்தக் கருவியும் முழுத் தீர்வாகாது. வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

அடுத்தது எடை. நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில், பயணத்துக்குரிய சுமையோடு டிரெய்லரைப் பூட்டி ஒரு முறையும், டிரக்கைத் தனியாக ஒரு முறையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பூட்டியிருக்கும்போது டிரக்கின் இரு ஆக்சில்களிலும் கூடுதலாக விழும் எடையே கிங்பின் பாரம். அது டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 விழுக்காட்டுக்குள் இருப்பது வழக்கம். 12,000 பவுண்டு டிரெய்லருக்கு அது 1,800 முதல் 3,000 பவுண்டு வரை. பாரம் இதற்குக் குறைந்தால் டிரெய்லரின் முன்பகுதி இலேசாகித் துள்ளும், உதைப்பும் கூடும். ஒரு காலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு என்பதால், 60 காலன் தொட்டி நிறைந்தால் ஏறத்தாழ 500 பவுண்டு சேர்கிறது. தொட்டி ஆக்சிலுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்துக் கிங்பின் பாரம் ஏறும் அல்லது இறங்கும். கனமான பொருள்களை இடம் மாற்றி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒட்டியுள்ள சுமை வரம்பை மட்டும் எக்காரணத்தாலும் மீறக் கூடாது.

டயர் காற்றைக் காலையில், ஓடிச் சூடேறும் முன்பே அளக்க வேண்டும். டிரெய்லருக்கென்றே தயாராகும் எஸ்.டி. வகை டயர்களில், பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தை வைப்பதே பரவலான நடைமுறை. டிரக்கின் டயர்களுக்குக் கதவுத்தூணில் உள்ள ஒட்டுவில்லையே வழிகாட்டி. டிரெய்லர் சக்கரங்களைச் சமநிலைப்படுத்தாமலே ஓட்டுவோர் பலர். அதைச் செய்தாலே உள்ளே அலமாரிகள் அதிர்வது குறைவதைக் காணலாம்.

ஓடும்போது டிரெய்லர் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்பகுதி உயர்ந்திருந்தால் எடை பின் ஆக்சிலுக்குச் சாய்ந்து, அந்தச் சக்கரங்கள் குழிகளில் கடுமையாக அடிபடும். ஹிட்சின் உயரத்தைக் குறைத்துச் சரிசெய்யும்போது, டிரக் பின்தட்டின் பக்கச்சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே சுமார் 6 அங்குல இடைவெளி மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் சரிவான இடங்களில் திரும்பும்போது இரண்டும் உரசும்.

பூட்டின் ஆட்டத்தைக் கண்டறிய, டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, அதன் பிரேக்கையும் பிடித்தபடி டிரக்கை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த, மற்றொருவர் பக்கவாட்டில் விலகி நின்று ஹிட்சைப் பார்க்க வேண்டும். 2 அங்குல விட்டமுள்ள கிங்பின்னை ஹிட்சின் தாடைகள் இறுகப் பற்றாமல் தட்டினால், தாடை தேய்ந்திருக்கிறது அல்லது சரியாக அமைக்கப்படவில்லை. ஹிட்சைத் தாங்கும் தண்டவாளங்களின் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றால், டிரக்கிலிருந்து டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கண்ட்ரோலரின் அளவைச் சக்கரம் சறுக்காத எல்லைவரை கூட்ட வேண்டும்.

டிரெய்லரின் கமான் பட்டைகளே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும் இடம். பல டிரெய்லர்களில் பட்டைகளின் போல்ட்டுகளைச் சுற்றித் தொழிற்சாலையில் பொருத்தும் நைலான் புஷ்கள் என்னும் உறைகள் விரைவில் தேய்ந்து, உலோகம் உலோகத்தில் உரசத் தொடங்கும். அவற்றுக்குப் பதில் வெண்கல புஷ்களும் கிரீஸ் ஏற்றக்கூடிய போல்ட்டுகளும் போட்டால் பட்டைகள் தடையின்றி அசையும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே பாரத்தைப் பகிரும் நடுத்துண்டை ரப்பர் பொருத்தியதாக மாற்றினால், ஒரு சக்கரம் விழும் குழியின் அதிர்ச்சி பெருமளவு அங்கேயே உறிஞ்சப்படும். ஷாக் அப்சார்பர் இல்லாத டிரெய்லரில் அதைச் சேர்ப்பதும் பயன்தரும். கையிலிருக்கும் பணத்தில் முதல் பங்கை இங்கே செலவிடுமாறு நான் பரிந்துரைப்பேன்.

டிரக்கின் பின் ஆக்சிலில் காற்றுப்பைகள் வைப்பது தாழ்ந்த பின்பகுதியை உயர்த்தும். சுமை வரம்பை உயர்த்தாது. தேவைக்கு மேல் காற்று ஏற்றினால் டிரக் இறுகிப்போய் உலுக்கல் கூடவே செய்யும்.

இவ்வளவுக்குப் பின்னும் உதைப்பு மிஞ்சினால், டிரெய்லரின் முன்பகுதியில் கிங்பின்னைத் தாங்கும் பெட்டியான ‘பின் பாக்ஸை’ (pin box) மாற்றலாம். மோரைட் நிறுவனம் செய்வதுபோல ரப்பர் அடுக்குகளால் ஆனவை முன்பின் உதைப்பைச் சிறப்பாக மட்டுப்படுத்தும். காற்றுப்பை உள்ளவை மேல்கீழ் ஆட்டத்துக்கு ஏற்றவை, எடைக்கேற்ற அழுத்தத்தை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். கிங்பின்னுக்குப் பதில் டிரக்கின் பின்தட்டில் உள்ள உருண்டையில் மாட்டும் பந்துப் பூட்டுக்கு மாற்றும் நீளமான இணைப்புகள் டிரெய்லரின் சட்டத்தின்மேல் நெம்புவிசையைக் கூட்டுவதால், வாங்குவதற்கு முன் அது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்று சட்டத்தைத் தயாரித்தவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய பின் பாக்ஸைப் பொருத்தியபின் டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று மீண்டும் பார்த்து, சிறிது தூரம் ஓட்டியதும் அதன் போல்ட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்கு அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும்.