ரா படத்தில் நிறமும் லென்ஸும்: ராதெரபியில் செய்வது எப்படி?

கேமரா திரையில் பளிச்சென்று தெரிந்த படம், கணினியில் ரா கோப்பாக (கேமரா சென்சார் பதிவு செய்த, திருத்தப்படாத கோப்பு) திறந்ததும் வெளிறித் தெரியும். ஓரத்துச் சுவர் வளைந்திருக்கும். திரையில் பார்த்தது கேமராவே திருத்திக் காட்டிய ஜேபெக். அந்தத் திருத்தங்களை ராவில் நாம்தான் செய்ய வேண்டும். இலவச மென்பொருளான ராதெரபி போதும்.

முதலில் வலப்பக்கம் மேலே உள்ள பட்டியலில் 'நியூட்ரல்' தேர்ந்தெடுங்கள். தானாகச் சேர்ந்த மாற்றங்கள் போய்விடும்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது ஒளியின் நிறச்சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு. படத்தில் சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய இடத்தை 'பிக்' கருவியால் சொடுக்குங்கள். இதை முன்னால் செய்யக் காரணம் உண்டு. கேமராவின் நிறத்தன்மையைச் சொல்லும் கோப்புக்கு ப்ரொஃபைல் என்று பெயர். அதில் ஒரு வகையான டிசிபி கோப்புகள் பலவற்றில் இரண்டு ஒளிகளுக்கான அளவீடுகள் இருக்கும்: குண்டு பல்பு (சுமார் 2,850 கெல்வின்), பகல் வெளிச்சம் (சுமார் 6,500 கெல்வின்). இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை மென்பொருள் ஒயிட் பேலன்ஸை வைத்தே முடிவு செய்யும். அது தப்பினால் ப்ரொஃபைலும் தடுமாறும்.

இப்போது 'கலர்' பகுதியில் 'கலர் மேனேஜ்மென்ட்' திறந்து, இன்புட் ப்ரொஃபைலாக 'ஆட்டோ-மேட்ச்டு' கொடுங்கள். உங்கள் கேமராவுக்கு அது இல்லையென்றால் 'கேமரா ஸ்டாண்டர்ட்' போதும். அடோபியின் இலவச ரா மாற்று மென்பொருளான டிஎன்ஜி கன்வெர்ட்டரோடு வரும் டிசிபி கோப்பையும் 'கஸ்டம்' வழியாகக் கொடுக்கலாம். 24 கட்ட வண்ண அட்டை வாங்கிச் சொந்தமாக ப்ரொஃபைல் செய்ய முடியும்தான். ஆனால் ஆரம்பத்திலேயே அதில் காசு போடாதீர்கள்.

லென்ஸுக்கு 'டிரான்ஸ்ஃபார்ம்' பகுதி. 'ப்ரொஃபைல்ட் லென்ஸ் கரெக்ஷன்' என்பதில் தானியங்கித் தேர்வு வைத்தால், கோப்பில் பதிவான லென்ஸ் பெயரைக் கொண்டு லென்ஸ்ஃபன் என்ற லென்ஸ் தகவல் தொகுப்பிலிருந்து திருத்த அளவுகளை எடுத்துக்கொள்ளும். பழைய மேனுவல் லென்ஸ் தன் பெயரைச் சொல்லாது. பட்டியலில் நீங்களே தேடிக் கொடுங்கள். வளைவு, ஓர இருட்டு, நிறப்பிசிறு (விளிம்புகளில் தெரியும் வண்ணக் கோடு) மூன்றுக்குமான திருத்தங்களையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். செங்கல் சுவர் படம் இதற்கு அருமையானது. ஓர இருட்டை மட்டும் உருவப்படங்களில் நான் பெரும்பாலும் திருத்தாமல் விட்டுவிடுவேன். முகத்துக்கு அது அழகு. நிறப்பிசிறுக்கு 'ரா' பகுதியிலும் ஒரு தானியங்கித் திருத்தம் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

சரி, நிறமும் கோடுகளும் ஒழுங்கான பிறகு எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) பக்கம் போகலாம். இணையத்தில் போடும் படமென்றால் அவுட்புட் ப்ரொஃபைல், இணையத்தில் வழக்கமான நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள்.