வேலூர் புரட்சி நாடகத்துக்குக் கவுன் தைக்கிறீர்களா?

1806 வேலூர் கோட்டை நாடகத்தில் துரைசானி வேடத்துக்கு, சினிமாவில் பார்த்த குடை கவுன் வேண்டாம்; கம்பிக்கூடு வைத்த அந்தப் பாணி ஐம்பது வருடம் பிந்தியது. 1806-இல் கவுனின் இடுப்புப் பட்டி மார்புக்கு நேர் கீழே. துணி வெள்ளை மல்.

44 அங்குல அகல மல் நாலரை மீட்டர். முதலில் நனைத்துக் காயவையுங்கள். தைத்தபின் சுருங்கினால் பட்டி மேலேறிவிடும். பாவாடைக்கு இரண்டு பாகம் போதும். முன்பக்கத்தைத் தட்டையாக விட்டு, சுருக்கம் முழுவதையும் நடுமுதுகில் ஒரு சாணுக்குள் அடக்குங்கள். முன்னாலும் வைத்தால் கர்ப்பிணி போலத் தெரியும். சுருக்கத்துக்கு நீளத் தையல் இரண்டு வரிசை, கால் அங்குல இடைவெளியில். ஒற்றை வரிசை இழுக்கும்போதே அறுந்து தொலைக்கும். முதுகில் ஜிப் வேண்டாம், ஹூக் போதும். கழுத்தில் நாடா கோத்தால் அடுத்த வருடம் வேறு பெண்ணுக்கும் பொருந்தும். உள்பாவாடை கட்டாயம்; மேடை விளக்கில் மல் காட்டிக்கொடுத்துவிடும்.