மலைச்சாலையில் ரிகம்பென்ட்: எந்த டயர், எவ்வளவு காற்று?

சாதாரண சைக்கிளில் பள்ளம் வந்தால் பெடல் மேல் எழுந்து நின்று அடியை முழங்காலில் வாங்கிக்கொள்ளலாம். ரிகம்பென்ட் என்பது காலை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள்; அதில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது. அடி நேராக இருக்கைக்கும் முதுகுக்கும் போகும். சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் டயர்தான் ஸ்பிரிங். மழைக்குப் பின் ஓரம் அரித்துப் பெயர்ந்து கிடக்கும் கோத்தகிரி ரோட்டிலோ, எஸ்டேட் ஜல்லிப் பாதையிலோ ஓட்டப்போகிறவர்கள் டயரை இந்தக் கணக்கில் பார்ப்பது நல்லது. பக்கச்சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவு வரை காற்றடித்துக் கல்போல வைத்துக்கொள்ளும் பழக்கம் மலையில் வேகத்தையும் தராது, பிடிப்பையும் தராது.

முதலில் அளவு

டயரின் பக்கச்சுவரில் 40-406 என்பதுபோல ஒரு எண் இருக்கும். 40 என்பது அகலம்; 406 என்பது டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில். கடையில் "20 இஞ்சு" என்று மட்டும் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 20 x 1.75 என்பது 406. 20 x 1 3/8 என்பது 451. ஒன்று மற்றதில் ஏறாது. 16 இஞ்சிலும் இதே வம்புதான்: 16 x 1.75 என்பது 305, ரிகம்பென்டின் முன் சக்கரமாக வரும் 16 x 1 3/8 என்பது 349. பின் சக்கரம் 26 இஞ்சு என்றால் 26 x 1.75 போலப் புள்ளி போட்ட அளவுதான் 559. 26 x 1 3/8 என்றால் 590, அது வேறு ரிம். இஞ்சு எண்ணை விட்டுவிட்டு இந்த மூன்று இலக்க எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

அகலம்? ஃப்ரேமில் இடமிருக்கும் அளவுக்கு அகலமாக. சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் அதிகம் இறங்கும், ஏறி வெளியே வரவும் சிரமப்படும். அதை ஈடுகட்ட அகலம்தான் உதவும். தார் ரோடு மட்டும் என்றால் 40 மி.மீ. போதும், ஜல்லியும் கலந்தால் 47 அல்லது 50. வாங்குமுன் ஃபோர்க், மட்கார்டு, பிரேக் ஆகியவற்றுக்கும் டயருக்கும் இடையே இருபுறமும் 5 மி.மீ. மிஞ்சுமா என்று பாருங்கள். எஸ்டேட் பாதைச் செம்மண் ஈரத்தில் ஒட்டி அப்பிக்கொண்டால் 3 மி.மீ. இடைவெளி அடைந்துபோகும்.

தார் ரோட்டுக்கு ஆழமான பட்டன் வைத்த டயர் வேண்டாம். கார் டயர்போல சைக்கிள் டயர் தண்ணீரின் மேல் மிதக்காது. அகலம் குறைவு, வேகமும் குறைவு. ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தன்மையும் சரியான காற்றும்தான், கோடுகள் அல்ல. எந்த டயராலும் சமாளிக்க முடியாதவை மூன்று: நனைந்த தைல இலைக் குவியல், வெயில் படாத வளைவில் படர்ந்த பாசி, ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட்.

பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயரா, லேசான டயரா? அடிவாரத்தைத் தொடுகிறவர்கள் பட்டை வைத்ததையே வாங்குங்கள். மேட்டுப்பாளையம் பக்கமும் வத்தலக்குண்டு பக்கமும் சீமைக்கருவேல முள் இருக்கிறது. மலைமேல் லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித் துண்டுகள் அதைவிட மோசம். ஸ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் 5 மி.மீ. கனத்தில் ஒரு ரப்பர் அடுக்கு இருக்கிறது. முள் எளிதில் ஏறாது, ஆனால் கனமும் உருளும் இழுப்பும் கூடும். ஊட்டி, குன்னூருக்குள்ளேயே சுற்றுபவருக்கு அது தேவைக்கு மிஞ்சியது.

காற்று: எடையை அளந்து முடிவு செய்யுங்கள்

மொத்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தவறும். ரிகம்பென்டில் எடை பிரிவது வண்டிக்கு வண்டி மாறும். நீளமான வண்டியில் முன் சக்கரத்தில் எடை குறைவு. குட்டை வண்டியில் ஏறக்குறையப் பாதி முன்னால் விழும். முன்னால் இரண்டு சக்கரம் வைத்த டிரைக்கில் (மூன்று சக்கர ரிகம்பென்டில்) மூன்றில் இரண்டு பங்கு முன்புறமே இருக்கும்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷினை ஒரு சக்கரத்தின் கீழ் வையுங்கள். மற்ற சக்கரங்களின் கீழ் அதே உயரத்துக்குப் பலகை. வழக்கமான மூட்டையை ஏற்றி, சாய்ந்து உட்கார்ந்து, ஒருவரை லேசாகப் பிடிக்கச் சொல்லி எண்ணைப் படியுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இப்படியே.

40 மி.மீ. டயரில் 35 கிலோ விழுந்தால் 40 பிஎஸ்ஐ (பம்பின் மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு), 45 கிலோவுக்கு 50, 55 கிலோவுக்கு 60 என்று தொடங்கலாம். 50 மி.மீ. டயருக்கு அதே எடைகளில் 30, 35, 42. இவை தொடக்கம் மட்டுமே. சரிபார்க்க ஸ்கேல் போதும்: ஆள் இல்லாதபோது தரையிலிருந்து ரிம் விளிம்பு வரை அளந்து, உட்கார்ந்தபின் மறுபடி அளங்கள். டயர் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் இறங்க வேண்டும், 40 மி.மீ. டயருக்கு 6 மி.மீ. அதற்குமேல் இறங்கினால் 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைவாக இறங்கினால் குறையுங்கள். பக்கச்சுவரில் போட்டிருக்கும் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் வெளியே போகக் கூடாது.

காற்று குறைந்தால் கல்லில் மோதும்போது ரிம் ட்யூபைக் கடிக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீளக் கீறல் தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள்.

டிரைக் வளைவில் சாயாது. கொண்டையூசி வளைவில் எடை பெரும்பாலும் வெளிப்பக்க முன் டயரின் மேல் சாய்ந்து அதைப் பக்கவாட்டில் மடக்கும். அதனால் முன் இரண்டிலும் அளந்து வந்ததைவிட 5 முதல் 8 பிஎஸ்ஐ கூடுதல். பின்சக்கரத்தில் நேர்மாறு: எடை குறைவு, ஓட்டும் விசையோ அதற்குத்தான். கல்லட்டி போன்ற செங்குத்து ஏற்றத்தில் ஈர இலைமேல் அது வெறுமனே சுற்றும். பின்னால் 4 பிஎஸ்ஐ குறைத்து, மூட்டையைப் பின்சக்கரத்தின் மேல் தள்ளி வைத்தால் பிடித்துக்கொள்ளும். முன் டயர் சில நூறு கிலோமீட்டரிலேயே ரம்பப் பல்போலத் தேய்ந்தால் டயரைக் குறை சொல்லாதீர்கள். இரு ரிம்களின் இடைவெளியை அச்சு உயரத்தில் முன்னும் பின்னும் அளங்கள். முன்பக்கம் 0 முதல் 2 மி.மீ. வரை மட்டுமே குறைவாக இருக்கலாம்.

உயரமும் இறக்கமும்

மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர், ஊட்டி 2,240. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்றழுத்த மீட்டர் 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிரால் 60 பிஎஸ்ஐ டயரில் 5 குறையும். கழித்துப் பார்த்தால் 2 பிஎஸ்ஐ குறைவு; கவலைப்பட ஒன்றுமில்லை. ஊட்டிக் குளிரில் 10 டிகிரியில் 60 அடித்துவிட்டு இறங்கினால் அடிவார வெயிலில் 63 ஆகும், அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியது ரிம்மையே இறுக்கிப் பிடிக்கும் ரிம் பிரேக்கின் சூடு. தாழ்ந்த ரிகம்பென்ட் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் காற்று தடுக்கும் பங்கு குறைவு. மிச்சத்தையெல்லாம் பிரேக் தின்ன வேண்டும். 406 ரிம்மின் சுற்றளவு பெரிய சக்கரத்தின் 622 ரிம்மைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, சூட்டை வாங்கும் அலுமினியமும் அந்த அளவு குறைவு. விடாமல் பிடித்துக்கொண்டே குன்னூரிலிருந்து இறங்கினால் ரிம் கொதித்து, காற்று விரிந்து, டயர் விளிம்பு கழன்று வெடிக்கலாம். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நடுநடுவே நின்று ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் பத்து நிமிடம் ஓய்வு. டிஸ்க் அல்லது டிரம் பிரேக் வண்டிகளில் இந்தச் சூடு டயருக்குப் போகாது.

அடிக்கும்போது

சின்ன டயரில் காற்றின் கொள்ளளவு குறைவு. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரை வைத்தால் நொடியில் எல்லை தாண்டும். மீட்டர் வைத்த நின்று அடிக்கும் பம்பே மேல். 349, 406 சக்கரங்களில் கம்பிகளுக்கு இடையே பம்பின் தலை நுழையாமல் போகலாம். ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ் வாங்கி வையுங்கள். மெல்லிய பிரஸ்டா வகை வால்வ் என்றால் பஞ்சர் கடைக்குப் பித்தளை அடாப்டர் இல்லாமல் போகாதீர்கள். டிரைக்கின் முன் சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்படுவதால், அதைக் கழற்றாமலேயே டயரும் ட்யூபும் மாற்றலாம்.

மலையில் நல்ல 406 டயர் கிடைப்பது அரிது. மடித்து வைக்கக்கூடிய ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதுவும் இல்லாமல் டயர் கிழிந்தால், பிள்ளைகள் சைக்கிளுக்கு விற்கும் 20 x 1.75 டயர் அதே ரிம்மில் உட்காரும். பக்கச்சுவரில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து அதற்குள் அடித்து, வேகத்தைக் குறைத்து வீடு சேரலாம்.