திறப்பை எடுத்த பிறகும் ஓடும் எஞ்சின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை கிளிநொச்சியில் என் பட்டறை வாசலில் ஒரு மொறிஸ் மைனர் வந்து நின்றது. ஓட்டி வந்த பெடியனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கார் அவனுடைய அம்மப்பாவுடையது. திறப்பைத் திருப்பி, வெளியே எடுத்து, கையில் பிடித்துக்கொண்டே இறங்கினான். எஞ்சின் நிற்கவில்லை. பொனெற் நடுங்க ஏழெட்டுத் தரம் உதறியது. கடைசியில் பின்பக்கமாக ஒரு உதை உதைத்து, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் கார்பரேற்றர் வழியாகப் புகை விட்டு அடங்கியது.

அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அண்ணை, ஹெட்டைக் கழட்டுவமோ?"

ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி. இருபது வருடத்துக்கு முன் நானும் அதைக் கழற்றுவதில்தான் தொடங்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பார், ஒயில் பார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது தெரியாதவர் பழைய கார் வைத்திருக்க மாட்டார்.

எந்த வருத்தம் என்று பார்க்காமல் கை வைப்பது

திறப்பை நிறுத்திய பிறகு எஞ்சின் ஓடுவதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

எஞ்சின் வழமை போல, உதறல் இல்லாமல், சீராக ஓடிக்கொண்டே இருந்தால் அது கரன்ற் கோளாறு. பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கும் கொயிலுக்கு இன்னும் கரன்ற் போகிறது. சுவிச்சுக்குள் செம்பு ஒட்டியிருக்கலாம், யாரோ வயரை மாற்றிக் கட்டியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் அடிக்கடி வரும். பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஜப்பான் வானில் இருந்து எடுத்த ஒல்ரனேற்றரைப் பூட்டுவார்கள். டாஷ்போர்ட்டில் எரியும் சிவப்பு சார்ஜ் பல்ப் வழியாக அதிலிருந்து மின்சாரம் பின்பக்கமாக வந்து கொயிலை உயிரோடு வைத்திருக்கும். அந்த வயரில் ஒரு டயோட் போட்டால் விசயம் முடிந்தது. இதற்காக இரண்டு நாள் கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்த பெடியனை எனக்குத் தெரியும்.

உதறி, தட்டி, சுற்று கூடிக் குறைந்து ஓடினால் அது வேறு. பொறி இல்லாமலே பெற்றோல் உள்ளே தானாகப் பற்றுகிறது. கரி தணலாக இருந்தாலும் பற்றும், பிளக் நுனி சிவந்திருந்தாலும் பற்றும், அமுக்கத்தின் சூட்டிலேயும் பற்றும்.

பிரித்துப் பார்க்க ஒரு 12 வோல்ற் பல்ப் போதும். ஒரு முனையைக் கொயிலின் சுவிச் பக்க ஆணியிலும் மற்றதைப் பொடியிலும் (காரின் இரும்பு உடலில்) கொடுங்கள். திறப்பை நிறுத்தியதும் பல்ப் அணைந்து, எஞ்சின் மட்டும் உதறினால் வயரிங்கைத் தொடவே வேண்டாம்.

ஹெட்டைக் கழற்ற ஓடுவது

இதில்தான் எனக்கு இன்னும் கோபம் வரும். காரணத்தைச் சொல்ல மண்ணெண்ணெய்க் காலத்துக்குப் போக வேண்டும்.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் பெற்றோல் மருந்துக்குத்தான் கிடைத்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஏ40 எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலைச் சில சொட்டு கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது தட்டாமல் எரியும் தன்மை, பெற்றோலை விட மிகக் குறைவு. ஏற்றத்தில் எஞ்சின் கல்லுடைப்பது போலத் தட்டும். தட்டலைக் குறைக்க, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி ரைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பிந்த வைத்தோம். அதோடு எஞ்சின் ஸ்லோவில் (கால் வைக்காமல் ஓடும் சுற்றில்) ஓடாமல் அணைந்துபோகும். எனவே கலவை உள்ளே போகும் வழியைத் திறந்து மூடும் த்ரொட்டிலின் ஸ்குரூவை உள்ளே முறுக்கி ஸ்லோவைக் கூட்டினோம். அந்த நேரத்துக்கு அது சரியான வேலை. அந்தக் கார்கள்தான் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

2002இல் ஏ9 (கண்டி–யாழ்ப்பாணப் பாதை) திறந்தது, பெற்றோல் வந்தது. தாங்கியில் இருந்த மண்ணெண்ணெயை மாற்றினோம், ரைமிங்கை மாற்றவில்லை. எங்களிடம் வேலை பழகிய பெடியளும் பிந்திய ரைமிங்கையும் கூடிய ஸ்லோவையும்தான் 'செற்றிங்' என்று பழகினார்கள். இன்றைக்கும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

பாதை திறந்து ஒரு வருடம் இருக்கும், ஒரு கேம்பிறிட்ஜ் என்னிடம் வந்தது. நிறுத்தினால் நிற்காது. பத்து வருட மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின், உள்ளே கரிதான் என்று முடிவு கட்டி ஹெட்டைக் கழற்றினேன். கரி இருந்தது, பொய்யில்லை. பிஸ்டன் தலையில் அடைச்சட்டியின் அடி போலத் தடித்துக் கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கழற்றினதுதானே, ஒரு தரம் சீவி எடுப்பம்" என்று ஹெட்டை வவுனியாவுக்கு அனுப்பி அடித்தளத்தைச் சீவுவித்தேன். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்மட்டம் வைத்துப் பார்க்கக்கூட இல்லை.

ஹெட்டைச் சீவினால் எரியறை சிறுக்கும், அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினால் தானாகப் பற்றுவது இன்னும் சுகம். பூட்டிக் கொடுத்த பிறகு இரண்டு நாள் நல்லாய் நின்றது. மூன்றாம் நாள் மத்தியான வெயிலில் முன்பை விட மோசமாக உதறியது. அந்த ஐயா சந்தைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, சனம் பார்க்க, எஞ்சின் அடங்கும் வரை ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தாராம். எனக்குச் சொல்லும்போது அவர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

பிறகுதான் த்ரொட்டில் ஸ்குரூவைப் பார்த்தேன், கழுத்து வரை உள்ளே இறங்கியிருந்தது. ரைமிங்கைப் பார்த்தேன், பழைய மண்ணெண்ணெய் இடத்திலேயே இருந்தது. பொறி பிந்தினால் எரிவு பிந்தும். சூடு வேலை செய்யாமல் எக்சோஸ்ற் வால்வையும் ஹெட்டையும் வேக வைக்கும். எஞ்சினும் சோர்ந்துபோகும். சோர்வை மறைக்க த்ரொட்டிலைத் திறந்து வைத்தால், திறப்பை எடுத்த பிறகு அந்த இடைவெளி வழியாகக் காற்றும் பெற்றோலும் தாராளமாக உள்ளே போகும். வெந்த எரியறை, வேண்டிய அளவு கலவை. உதறாமல் என்ன செய்யும்?

ஸ்குரூவை வெளியே எடுத்து, ரைமிங்கைத் திருத்தினேன். அரை மணி நேர வேலை. ஆனால் சீவின இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. அந்த ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தடித்த காஸ்கற் தேடி, விலை கூடிய பெற்றோல் அடிக்கச் சொல்லி, அந்த ஐயாவுக்கு வீண் செலவு வைத்தேன்.

எனவே முதலில் ஸ்பனர் போக வேண்டிய இடம் டிஸ்ரிபியூட்டர். மூடியைத் திறந்து, உள்ளே திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பொயின்றின் இடைவெளியைப் பாருங்கள். மொறிஸில் அது 0.015 அங்குலம். பொயின்றின் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், ரைமிங் தானாகப் பிந்தும். இடைவெளியைச் சரிசெய்யாமல் ரைமிங் வைப்பது வீண். பிறகு அதே 12 வோல்ற் பல்பை டிஸ்ரிபியூட்டரின் மெல்லிய வயருக்கும் பொடிக்கும் நடுவே கொடுத்து, திறப்பைப் போட்டு, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். பல்ப் எரியத் தொடங்கும் கணம்தான் பொறி விழும் கணம்.

மொறிஸில் அடையாளம் கீழே இருக்கிறது. குனிந்து பார்க்கப் பஞ்சிப்பட்டுத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரைமிங் கவரின் அடியில் மூன்று பற்கள் உண்டு. நீளமான பல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், மற்றவை 5 பாகை, 10 பாகை. கப்பியில் ஒரு வெட்டு இருக்கும். ஒரு சுண்ணக்கட்டியால் அந்த வெட்டை வெள்ளையாக்கி, முதுகில் படுத்துப் பாருங்கள். பல்ப் எரியும்போது வெட்டு உச்சிப் பல்லைத் தாண்டியிருந்தால் பிந்திவிட்டது. நுண்ணிய திருத்தத்துக்கு டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலேயே விரலால் திருப்பும் சின்ன உருளை நட்டு ஒன்று உண்டு. அருகில் ஏ, ஆர் என்று இரண்டு எழுத்து. ஏ பக்கம் முந்தும், ஆர் பக்கம் பிந்தும். அந்தப் பெடியனின் காரில் அது கிரீசிலும் புழுதியிலும் மூடிப்போய், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தது. பழந்துணியால் துடைத்து அந்த இரண்டு எழுத்தையும் காட்டினேன்.

ரைமிங் சரியானதும் எஞ்சின் தானாகச் சுற்றுக் கூடும். அப்போது த்ரொட்டில் ஸ்குரூவை வெளியே எடுங்கள். ஸ்லோ 700 சுற்றுக்குக் கீழே நிற்க வேண்டும். இவ்வளவும் செய்தும் உதறினால், அப்புறம் கரியைப் பற்றி யோசிக்கலாம். அப்பவும் ஹெட்டைக் கழற்றுமுன் ஏ9இல் வவுனியா வரை நல்ல வேகத்தில் ஒரு ஓட்டம் போய் வந்து பாருங்கள். ஊருக்குள் மெதுவாகவே உருண்ட எஞ்சினின் கரி ஓரளவு அதிலேயே எரிந்து போகும்.

பிளக் நம்பரைத் தலைகீழாகப் படிப்பது

பிளக்கின் சூட்டு அளவை எல்லாக் கொம்பனியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. என்ஜிகே பிளக்கில் நம்பர் கூடக் கூடக் குளிர்ச்சி. சம்பியனில் நம்பர் கூடக் கூடச் சூடு. மொறிஸுக்கு என்ஜிகே பிபி6ஈஎஸ் அல்லது சம்பியன் என்9வைசி பொருத்தம். மோட்டார் சைக்கிளில் என்ஜிகே போட்டுப் பழகிய ஒரு தம்பி, "கூடின நம்பர் குளிர் அண்ணை" என்று சம்பியன் என்12வைசி வாங்கிப் பூட்டினான். அது இன்னும் சூடான பிளக். அதன் நுனியே தணலாக நின்று பெற்றோலைப் பற்றவைத்தது.

மிக்ஸரை மெலிய வைப்பது

பெற்றோல் விலை ஏறியதில் இருந்து எஸ்யூ கார்பரேற்றரின் அடி நட்டை மேலே ஏற்றி மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். மெலிந்த கலவை சூடாக எரியும், மிச்சம் பிடித்த காசு வால்வுக்குப் போகும். கார்பரேற்றரின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் சோர்ந்து அணையப் பார்த்தால் மெலிவு. சுற்றுக் கூடி அப்படியே நின்றால் தடிப்பு. சற்றே கூடித் திரும்பி அமர்ந்தால் சரி.

சோக்கை இழுத்து அணைப்பது

சோக்கை இழுத்தால் த்ரொட்டிலும் கூடவே திறக்கும். இழுக்காதீர்கள்.

கியரில் போட்டு நிறுத்திப் பழகுவது

உதறும் நேரத்தில் நாலாம் கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கி, கிளச்சை விட்டால் எஞ்சின் நிற்கும். அது முதலுதவி. அதையே மாதக்கணக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலப்பது

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்துச் சிலர் திரும்பவும் தொடங்கினார்கள். இனி வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினில் பார்த்து முடிவெடுப்பது

விடியக்காலை பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தினால் நிற்கிறது என்று சந்தோசப்படாதீர்கள். இந்த நோய் சூட்டில்தான் வெளியே வரும். கிணற்றுத் தண்ணீரே ஊற்றி ஓடிய ரேடியேற்றருக்குள், கேத்தலுக்குள் படிவது போல வெள்ளை படிந்திருக்கும். காலையில் அது தெரியாது, மத்தியானத்தில்தான் தெரியும்.

அந்தப் பெடியனின் ரைமிங்கை முந்த வைத்து, ஸ்குரூவை இரண்டரைச் சுற்று வெளியே எடுத்தோம். அன்றைக்குப் பின்னேரம் நல்லாய் நின்றது. நான் காசு வாங்கவில்லை, அடுத்த நாள் வரச் சொன்னேன். மத்தியானம் ஒரு மணிக்கு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்தி வரை போய்த் திரும்பி வந்தான். வாசலில் நிறுத்தினான். திறப்பைத் திருப்பினான். எஞ்சின் ஒரேயடியாக நின்றது. ரேடியேற்றருக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கழுவ வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.