ஊர்ப் புகையிரத நிலையத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: மட்டக்களப்புப் பாதைக்கான ஒரு வழிகாட்டி

மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை 1928ஆம் ஆண்டு வந்து சேர்ந்தது. 2028இல் அதற்கு நூறு ஆண்டுகள் நிறைகின்றன. நகர நிலையத்தைப் பற்றி அப்போது பலர் எழுதக்கூடும். ஆனால் ஏறாவூர், வாழைச்சேனை, கல்குடா, புணானை போன்ற சிறிய நிலையங்களைப் பற்றி அந்தந்த ஊரவர்கள் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை. அட்டை ரிக்கற் வாங்கிக் கோச்சி ஏறியவர்களும் கைகாட்டியை இழுத்து இறக்கிய ஊழியர்களும் முதுமையடைந்துவிட்ட காலம் இது. ஆகவே, ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் செய்யக்கூடிய இந்தப் பணியை எங்கிருந்து தொடங்குவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது நிலையத்துக்குச் சென்று உட்கார்ந்திருப்பது. கட்டடம் எப்போது எழும்பியது என்ற கேள்வியோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துடன் நின்றுவிடுகிறார்கள். அந்த நிலையம் யாருக்கு என்ன சேவை செய்தது என்று கேட்பவர்களுக்கோ எழுத எழுத விடயம் பெருகும். நிலைய அதிபரிடம் நோக்கத்தைச் சொல்லி, படம் எடுப்பதாயின் அனுமதியும் பெற்றுக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் அங்கே நடப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் புகையிரதம் நிற்கிறது, எது நிற்காமல் போகிறது, ஆசனப் பதிவு அங்கேயே செய்ய முடிகிறதா, பொதி அனுப்ப முடிகிறதா, பருவச்சீட்டிலும் அரச ஊழியருக்கான ஆணைச்சீட்டிலும் வருபவர்கள் யார், தங்குமண்டபமும் மலசலகூடமும் எந்த நிலையில் இருக்கின்றன, மேடையின் உயரத்துக்கும் பெட்டிப் படிக்கும் இடையில் வயோதிபர் ஒருவர் எப்படி ஏறுகிறார் என்பவை எல்லாம் குறிப்பில் இடம்பெற வேண்டும். இன்று உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் குறிப்பே, திகதி இடப்பட்டிருந்தால், இருபது ஆண்டுகளின் பின் ஆவணமாகும்.

அடுத்ததாக, உங்கள் நிலையம் பெரிய வலையமைப்பில் எங்கே இருக்கிறது என்பதைப் பிழையின்றிச் சொல்ல வேண்டும். வடக்குப் பாதையிலுள்ள மாகோ சந்தியில் பிரியும் பாதை கல் ஓயா சந்திவரை வந்து, அங்கே ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றொன்று பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புணானை வழியாக மட்டக்களப்புக்கும் செல்கிறது. திருகோணமலைக் கிளை 1927இல் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,676 மில்லிமீற்றர். இங்கே அம்பாறை மாவட்டத்து வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்த்து எழுதுவது நல்லது: கல் ஓயா சந்திக்கும் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்ட கல்லோயாத் திட்டத்துக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை; சந்தி பொலன்னறுவைக்கும் அப்பால் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்துக்குப் பயணிகள் புகையிரதம் இல்லாததால், கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பேருந்தில் மட்டக்களப்புக்கு வந்து இரவுக் கோச்சியைப் பிடிப்பவர்களும் இந்த வரலாற்றின் பங்காளிகளே.

எழுத்து ஆதாரங்களைத் தேடும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாதை திறக்கப்பட்ட செய்தியை வீரகேசரியிலோ தினகரனிலோ தேடிப் பயனில்லை; வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும்தான் தொடங்கப்பட்டன. 1920களுக்கு அரச வர்த்தமானி, புகையிரதப் பொது முகாமையாளரின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள், கொழும்பின் ஆங்கில நாளிதழ்கள், யாழ்ப்பாணத்து இந்து சாதனம் போன்ற பழைய இதழ்கள் ஆகியவற்றையே நாட வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடத் தொடங்குங்கள். அங்கே போவதற்கு முன்னர், நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் உங்கள் ஊர்ப் பெயரை இட்டுப் பாருங்கள். பாடசாலை மலர்களிலும் கோயில், பள்ளிவாசல் சிறப்பு மலர்களிலும் நிலையத்தைப் பற்றிய ஓரிரு வரிகள் எதிர்பாராமல் கிடைக்கலாம்.

ஆனாலும் சிறிய நிலையத்தின் உண்மையான களஞ்சியம் மனிதர்களின் நினைவுதான் என்பது என் உறுதியான எண்ணம். நினைவில் ஆண்டு நிற்காது, நிகழ்ச்சி நிற்கும். “எந்த வருசம் ஐயா?” என்று கேட்டால் பெரியவர் தடுமாறுவார். “பெருவெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டால் உடனே சொல்வார். 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வு, 2004 சுனாமி ஆகிய நான்கையும் முளைகளாக அடித்துக்கொண்டு, கேட்கும் ஒவ்வொரு செய்தியையும் அவற்றுக்கு இடையில் கட்டுங்கள். போரினால் பல ஆண்டுகள் தடைப்பட்ட மட்டக்களப்புச் சேவை 2003இல் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் உங்கள் நிலையக் கட்டடம் எதற்குப் பயன்பட்டது, பயணிகள் எங்கிருந்து ஏறினார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தவரின் நினைவும் பதியப்படாவிட்டால் அந்த வரலாறு பாதிதான். 1990ஐப் பற்றிப் பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். அவர் பேசாமலிருந்ததையும் மரியாதையாக விட்டுவிடுங்கள்.

கேட்ட கதையைச் சோதிப்பதற்குப் புணானை நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பலரைக் கொன்ற ஆட்கொல்லிச் சிறுத்தை 1924இல் சுட்டுக் கொல்லப்பட்டது; அதன் பாடம் செய்யப்பட்ட உடல் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்றது. கோச்சியில் வந்து இறங்கிய பயணியை அந்தச் சிறுத்தை கொன்றது என்று ஒருவர் சொன்னால், பயணிகள் சேவை தொடங்கியதே 1928இல்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கதையை அழிக்க வேண்டாம். கேட்ட கதை என்றே குறித்து, ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பொருட்களும் பேசும். பழைய படத்தில் கனடிய மாகாணப் பெயர் தாங்கிய டீசல் இயந்திரம் தெரிந்தால் அப்படம் 1954க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனெனில் அந்த இயந்திரங்கள் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின்கீழ் அவ்வாண்டு தொடங்கியே வந்தன. மன்னம்பிட்டிப் பாலத்தில் லொறியும் கோச்சியும் ஒரே வழியைப் பயன்படுத்தும் காட்சி, புதிய வீதிப் பாலம் திறக்கப்பட்ட 2007க்கு முந்தியது. ஒற்றைப் பாதையில் இரண்டு புகையிரதங்கள் எதிரெதிரே வராதபடி காத்த தகட்டு முறையைப் பற்றி ஓய்வுபெற்ற நிலைய அதிபரிடம் கேட்டறியுங்கள். அயல் நிலையங்கள் இரண்டின் கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும்; ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் வெளிவரும்; அதை வளையத்தில் மாட்டிச் சாரதியிடம் கொடுக்காமல் புகையிரதம் நகராது. ஓடும் கோச்சியிலிருந்து வளையத்தைக் கைமாற்றிய கைகள் எவை என்று விசாரித்துப் போனால், ஊரில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உத்தியோகக் கதை கிடைக்கக்கூடும்.

சரக்குச் சேவையை மறந்துவிடாதீர்கள். நெல், மீன், தயிர்ச் சட்டி, வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வந்ததும் அங்கிருந்து போனதும், மட்டக்களப்புக்கு இன்றும் வரும் எரிபொருள் தாங்கிகள் என ஒவ்வொன்றாகக் கேட்டால், எது புகையிரதத்தில் போயிற்று, எது எப்போது லொறிக்கு மாறியது என்பது தெளிவாகும்.

தற்போதைய சேவைகளை எழுதும்போது நேரங்களைக் காட்டிலும் உதயதேவி, புலதிசி, வாவியின் பாடும் மீனை நினைவூட்டும் பாடுமீன் ஆகிய பெயர்களுக்கு முதலிடம் கொடுங்கள். நேரங்கள் மாறும். 2025 பெப்ரவரியில் கல் ஓயாப் பகுதியில் இரவுப் புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்த பின்னர், யானைகள் நடமாடும் பகுதியின் வேகமும் நேரமும் மீண்டும் பேசுபொருளாயின. எனவே அட்டவணையைச் சேர்ப்பதானால், எந்தத் திகதியில் நிலையப் பலகையிலிருந்து எடுத்தது என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள்.

வாய்மொழியாகக் கிடைக்காத தகவலுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் புகையிரதத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். “நிலையத்தின் வரலாறு முழுவதும் தருக” என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. குறித்த ஐந்து ஆண்டுகளில் விற்ற பயணச்சீட்டுகளின் எண்ணிக்கை, மேடை கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு என்று ஒவ்வொரு வினாவையும் சுருக்கிக் கேளுங்கள்.

எழுதி முடித்ததும், பதிப்பிப்பதற்கு முன்னர், கதை சொன்னவர்களுக்கு அவர்களுடைய பகுதியை வாசித்துக் காட்டுங்கள். திருத்தங்கள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். அதன் பிறகு ஒரு பிரதியை மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கும், எண்ணிமப் பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும், மற்றொரு பிரதியைக் கையொப்பமும் திகதியும் இட்டு உங்கள் நிலைய அதிபருக்கும் கொடுங்கள்.